இருகூர், பதினெட்டாம் நாள்

கண்டெய்னர் திறந்தபடி நிற்கிறது.
உள்ளே பைன் பலகைக் கூட்டுக்குள்
ஹாம்பர்க்கில் ஏறி
தூத்துக்குடியில் இறங்கிய பதினோரு டன்.

விவசாய இயந்திரம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்,
எண்பத்து நாலு முப்பத்தாறு.
"தென்னமட்டையும் கருவேலமுந்தானுங்க போடறது,
வெவசாயமில்லாம வேற என்னங்க?"
என்றார் பொங்கியண்ணன்.
பெருந்துறையில் அவருடைய பாய்லர்
ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அப்ரைசர் ஜெசிந்தா கேட்லாகைப் புரட்டினார்.
"பிளக்குதா, சீவுதா, நொறுக்குதா?"

மூன்று வினைச்சொல்.
மூன்று வரி.
இலக்கண வகுப்பில் தூங்கியதற்கு
இப்போது வட்டி கட்டுகிறேன்.

டெமரேஜ் மட்டும்
எந்தத் தலைப்புக்கும் காத்திராமல்
ஏறிக்கொண்டே போனது.

இன்று அவரே யார்டுக்கு வந்தார்.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு
இயந்திரத்தின் வாய்க்குள் டார்ச் அடித்தார்.
கத்தி இல்லை.
சுத்தியல் சுத்தியலாக மொட்டைப் பற்கள்.
"நொறுக்குறதுதான்.
எண்பத்து நாலு எழுபத்தொன்பது."

வித்தியாசத் தொகை எவ்வளவென்று
பொங்கியண்ணன் கேட்கவில்லை.
பலகையைத் தட்டிப் பார்த்தார்.
"இந்தப் பொட்டிக்கும் வரிங்களா?"
"தனியா இல்லைங்க. சரக்கோட சேர்த்தி."

புதன்கிழமை பெருந்துறையில் சுவிட்ச் போட்டார்கள்.
முதலில் உள்ளே போனது
அந்தப் பெட்டி,
ஹாம்பர்க் முத்திரையோடு.