வீட்டுக்காரர்

முப்பத்தைந்து முடிந்த மறுவாரமே
விண்ணப்பித்தேன்.
தனியாள் என்றால் அதுவரை பொறுக்க வேண்டும்.
நடுவில் யாராவது வந்துவிடுவார்கள் என்று
வீவகவுக்கும் ஒரு நம்பிக்கை.

நான்கு வருடம் கழித்து, தோ பாயோவில்,
முகப்பில் இருந்த பெண்
என் பெயரை முழுதாகப் படித்தாள்:
மங்கையர்க்கரசி டி ஓ குழந்தைவேலு.
டிக்கும் ஓவுக்கும் நடுவே ஒரு சாய்வுக்கோடு.
அதில் சாய்ந்துகொண்டு,
எனக்கு ஒன்பது வயதில் ஜொகூருக்குப் போனவர்
என் பெயரில் இன்னும் குடியிருக்கிறார்,
வாடகை இல்லாமல்.
செங்கமலம் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினான்காவது மாடி, ஈரறை.
ஜன்னல் நிறையத் தெங்காவின்
பாதி கட்டிய புளோக்குகள்.
அம்மா போனில் முதலில் கேட்டது
பால் காய்ச்சினாயா என்றல்ல.
"வாசல்ல ஆம்பளை செருப்பு ஒண்ணு கிடக்கட்டும்டி."

அவளுக்குத் தெரியும்.
அங் மோ கியோ வீட்டில்
அவர் போன பிறகும் பதினோரு வருடம்
அந்தத் தோல்செருப்பு வெளியே கிடந்தது.
வாரம் ஒருமுறை
இடதை முன்னும் வலதைப் பின்னுமாய்
மாற்றி வைப்பாள்,
நேற்று ராத்திரி வந்து கழற்றிய மாதிரி.
சாரல் அடித்தால் துடைப்பாள்.
அவள் துடைத்துத் துடைத்துத்தான்
நாங்கள் தூங்கினோம்,
நானும் தங்கச்சியும்.

நான் மின்தூக்கி பழுது பார்ப்பவள்.
பள்ளத்தில் இறங்கி, டார்ச் அடித்து,
கம்பிவடத்தில் எந்த இழை
அறுந்திருக்கிறது என்று தேடுபவள்.
எஃகு மூக்கு வைத்த பூட்ஸ், ஏழாம் நம்பர்.
உள்ளே கொண்டுபோனால் தரையெல்லாம் கிரீஸ்.
வாசலிலேயே விட்டேன்.

எதிர்வீட்டு ரெஜினா அக்கா
பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"வீட்டுக்காரர் ஷிப்யார்டா?"
"லிஃப்ட் கம்பெனிக்கா."
"நைட் ஷிஃப்ட் போல. பார்த்ததே இல்லையே."
"இப்பப் பார்க்கிறீங்களே."

அம்மா சனிக்கிழமை வந்தாள்.
நான் வேலை முடித்து
அப்போதுதான் கதவைத் திறந்திருந்தேன்.
சுவரைப் பிடித்துச் செருப்பைக் கழற்றியவள்
பழக்கத்தில் குனிந்து
என் இடது பூட்ஸைக்
கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.
நகர்த்திய கையை எடுக்கவில்லை.

"இன்னும் சூடா இருக்குடி" என்றாள்.