பலகைக்கு நாற்பது சொல்

வெண்கலத்தில் எழுத்துக்கு இத்தனை டாலர் என்று கணக்கு.
அதனால் கட்டடத்துக்கு நாற்பது சொல், மேலே கூடாது
என்று குழு தீர்மானம் போட்டுவிட்டது.
புனித வில்லிபிரார்டு பல்கலைக்கழகத்தில் கட்டடங்கள் பதினொன்று.
ஆவணக்காப்பகத்தின் அடித்தளத்தில்
நீராவிக் குழாய் முதுகைச் சுட
நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதன்மைக் கட்டடம்:
"1871. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். 1887இல் தீக்கிரை.
அதே ஆண்டு மீண்டும் எழுந்தது."
எழுந்தது என்றால் தானாகவா?
மிசிசிப்பி உறைவதற்குள் கூரை ஏறவேண்டும் என்று
லக்ஸம்பர்க்கிலிருந்து வந்த கல்தச்சர் பதினெட்டுப் பேர்
பாதிக் கூலியை உருளைக்கிழங்காக வாங்கிக்கொண்டு
விளக்கு வைத்து வேலை செய்தார்கள்.
கணக்கேட்டில் ஆணிச் செலவுக்கும் கயிற்றுச் செலவுக்கும் நடுவே
ஒரே வரி:
"ஷில்ட்ஸ், இடது கை, ஒரு விரல், மூன்று டாலர்."
இதைச் சேர்த்தால் நாற்பத்தாறு ஆகிறது.
ஷில்ட்ஸை எடுத்தேன்.

சிற்றாலயம் நடந்த கதை யாருக்கும் தெரியாது.
1923இல் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இடம் வேண்டும் என்று
அதைப் பெயர்த்து ஓக் உருளைகள்மேல் ஏற்றினார்கள்.
இரண்டு குதிரைகள் செக்கு சுற்றுவதுபோல் சுற்ற
நாளொன்றுக்கு ஒன்பது அடி,
முப்பத்தொரு நாள்.
தண்டவாளக் கட்டைக்கு மசகு, சலவைச் சோப்பு.
ஒரு திருப்பலியும் நிற்கவில்லை.
காலை மணி தினம் வேறிடத்திலிருந்து கேட்டது.
அருட்தந்தை டெலஹன்ட் உள்ளேயே பாவசங்கீர்த்தனம் கேட்டார்;
ஒருவன் பாவத்தை ஓரிடத்தில் சொல்லத் தொடங்கி
ஒரு சாண் தள்ளி மன்னிப்புப் பெற்றான்.
இறக்கி வைத்தபோது பீடம்
கிழக்கை விட்டு
தானியக் கிடங்கைப் பார்த்து நின்றது.
ஆயருக்குக் கவலையோடு நான்கு பக்கக் கடிதம்.
பதில் ஒரு வரி:
முதலில் கடனை அடையுங்கள்.

பலகையில்: "1894. 1923இல் இடம் மாற்றப்பட்டது."
நான்கே சொல். மிச்சம் முப்பத்தாறு.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு
பன்றி இறைச்சி அடைத்து விற்ற நன்கொடையாளர் பெயரே
ஒன்பது சொல் தின்றது, மனைவி பெயர் நீங்கலாக.

பிறகு சலவை இல்லம்.
முந்நூற்று நாற்பது மாணவர்களின் சட்டையை
பதினொரு அருட்சகோதரிகள் வெளுத்த இடம்.
பெண்கள் இங்கே படிக்கச் சேர
1968 ஆகவேண்டியிருந்தது.
ஆனால் சலவைச் சுவருக்கு அந்தப் பக்கம் இயற்பியல் வகுப்பு,
சுவரில் குழாய் போகும் துளை,
துளை அருகே இஸ்திரி மேசை,
மேசையில் சகோதரி அடெல்குண்டிஸ், பத்தொன்பது வருடம்.

கொதிகலனைப் பெயர்த்த அன்று
பின்சுவரின் வெள்ளையடிப்பில்
தரையிலிருந்து எட்டும் உயரம்வரை
கணக்குகள். சட்டைக்குப் போடும் நீலத்தைத் தொட்டு
விரலால் எழுதியவை.
ஓரிடத்தில் தவறு, கோடு, மறுபடி முதலிலிருந்து.
பராமரிப்புப் பிரிவு டுவேன் கோல்க்கர் சொன்னார்:
"இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன், அம்மா.
நீலம் மேலே மேலே வந்துகொண்டே இருந்தது.
மூன்றாவதுக்குத்தான் அடங்கியது."
விடைகள் சரியா என்று கேட்டேன்.
அவர் பெயின்ட் அடிப்பவர், தெரியவில்லை.

இப்போது அது வாகன நிறுத்தம் டி. அறுபத்திரண்டு கார்.
கட்டடம் இல்லை, ஆகவே பலகை இல்லை.
குழு சொன்னது நியாயம்தான்.

நேற்று இரவு பத்துப் பலகைகளின் மிச்சத்தைக் கூட்டினேன்.
சிற்றாலயம் முப்பத்தாறு. நூலகம் ஏழு.
அர்னால்டஸ் விடுதியில் "எழில்மிகு" என்பதை வெட்டியதில் ஒன்று.
செலவுத்திட்டத்துக்குள்ளேயே வருகிறது.
பன்னிரண்டாவது படிவத்தை எடுத்து
சகோதரியின் பெயரை எழுதினேன்,
ஷில்ட்ஸின் விரலையும் எங்காவது நுழைக்கலாமா என்று பார்த்தேன்,
பொருந்தவில்லை.

படிவத்தின் அடியில் வார்ப்பாலைக்காரன் கேட்கிறான்:
எந்தச் சுவரில் பொருத்த?

விளக்குக்கம்பம் நான்கு, டி,
என்று எழுதிவிட்டு
கம்பத்தின் சுற்றளவை அளக்க
நாடாவை எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.