இரண்டு தடவை வந்த ஒரு மணி

கொதிக்கும்போதே உப்புப் பார்க்கச் சொல்கிறாய், ஸ்பிஞெக்.
சரி, நாக்கை நீட்டிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
உன் சாளரத்தின் இருட்டு பிடித்திருக்கிறது.
எங்கள் கிளாக்ஸ்விக் துறைமுகத்து நவம்பர் மாதிரி,
கண்ணை உறுத்தாத இருட்டு.
அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தால்
மூடுவது தானே வந்து நிற்கிறது,
கதவைப் பிடித்துக்கொள்ளும் மரியாதைக்காரனாய்.

இனி உப்பு.

நான் சால்மன் ஆலையில் தராசுகளுக்கு நிரல் எழுதுகிறவள்.
நாலு கிலோவுக்கு மேலே என்றால் இடப்பக்கம்,
கீழே என்றால் வலப்பக்கம்,
செவுள் வெளுத்தது எதுவானாலும் தொட்டிக்கு.
இவ்வளவுதான் என் இலக்கியம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, இரவுப் பணி.
எல்லையை நாலேகால் ஆக்கினேன். சேமித்தேன். ஓட்டினேன்.
மீன்கள் பழையபடி நாலிலேயே பிரிந்தன.
திரையில் நாலேகால், பட்டையில் நாலு.
அழித்து எழுதினேன், அணைத்துப் போட்டேன்,
ஒரு தடவை மேசையைக்கூடத் தட்டினேன்.
பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த யோவன்னஸ் கேட்டான்:
"யார் பேச்சை யார் கேட்கவில்லை?"
நாற்பது நிமிடம் என் கண்ணையே சந்தேகித்தேன்.
பிறகு, யாரும் தொடாமலே,
எல்லாம் சரியாகிவிட்டது.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிரவு எழுதியதை உனக்கு அனுப்பவில்லை.
உன் பரம்பரையே அதில் இருந்தது.
மறுநாள் அனுப்பியது கோபத்தை வடிகட்டிய மூன்று வரி:
செய்தது. எதிர்பார்த்தது. நடந்தது.

பிர்னோவிலிருந்து பதில் போட்டாய்:
"என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதே."
ஸ்பிஞெக், உன் கணினி மீன் நிறுப்பதில்லை.

புதன்கிழமை காப்பிக் கோப்பை கழுவும்போது உறைத்தது.
அன்றிரவுதான் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.
ஒன்றிலிருந்து இரண்டு வரை
எங்களுக்கு இரண்டு தடவை வந்தது.
முதல் ஒன்று ஐம்பதுக்குத் தொகுத்து வைத்தது நாலு.
இரண்டாவது ஒன்று பத்துக்குத் திருத்தியது நாலேகால்.
ஐம்பதுக்கு முந்தியதுதானே பத்து என்று
உன் பீட்டா நியாயமாகவே தீர்ப்புச் சொல்லி,
புதுச் சோறு ஆவி பறக்க
எனக்குப் பழையதைப் பரிமாறியிருக்கிறது.

'மறுபடி நிகழ்த்தும் வழி' என்ற கட்டத்தில்
"அடுத்த அக்டோபர் வரை காத்திரு" என்று எழுதினேன்.
பிறகு இரக்கப்பட்டு,
"அல்லது உன் கடிகாரத்திடம் பொய் சொல்."

அதிகாலை நாலு மணிக்கு உன் பதில்.
ஒரே சொல்: "ஐயோ."
நீயும் தூங்காதவன் என்று அன்றுதான் தெரிந்தது.

புதிய பதிப்பு நேற்று இறங்கியது.
திருத்தங்களில் ஏழாவது வரி:
ஒரே மணி திரும்பி வந்தாலும்
எது பிந்தியது என்று இனிக் குழம்பாது.
நல்லது. எங்கள் ஆலை இன்னும் குழம்புகிறது.
அந்த உபரி மணிக்குக் கூலி உண்டா என்று
மார்யுன் கணக்குப் புத்தகத்தோடு அலைகிறாள்.

நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.
கடைசி எழுத்தின் தலையில் எனக்கு
ஒரு சின்னக் கீற்று உண்டு. உன் பட்டியலில்
கீற்றோடு எழுத்தும் போய்
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது.

குறை எண் பன்னிரண்டு, ஸ்பிஞெக்.
செய்தது: பிறந்தேன், ரன்வா என்று பெயர் வைத்தார்கள்.
எதிர்பார்த்தது: அதே.
நடந்தது: மேலே பார்.