நாறி

தீவுக்காரர்கள் வைத்த பெயர் அது: நாறி.
தப்பென்று சொல்லிவிட முடியாது.
போன நவம்பரில் அது துப்பிய வயிற்று எண்ணெய்
மூன்று சலவை தாண்டியும் போகாமல்
ஐல்சாவின் மேலங்கி
இன்னும் கதவுக்கு வெளியேதான் தொங்குகிறது.

செத்த கடல்யானைக்குள் தோள்வரை நுழைந்து
சிவந்த கழுத்தோடு வெளியே வரும் ஆண்.
அலகின்மேல் ஒரு குழாய், அதன் வழியே
குடித்த கடலின் உப்பு சொட்டும்.
இரண்டு மீட்டர் சிறகை விரித்துக்கொண்டு
பங்குக்கு வந்தவனை விரட்டும்போது
வேட்டி அவிழ்ந்த சண்டியன்தான்.

ஆட்டுக்குட்டியைக் கொல்லுமென்று
ஐல்சாவின் அப்பா முட்டைகளை மிதித்த சரிவு இது.
அதே சரிவில், வேலிக்கு இப்பால்
குப்புறப் படுத்து அவள் எண்ணுகிறாள்.
கிட்டே போகக் கூடாது.
பறவை பதறி எழுந்தால் போதும்,
ஸ்கூவா காத்திருக்கிறது.
ஓர் ஆண்டுக்கு ஒரு முட்டை.
உடைந்தால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

ஆண் கரையோரப் பிணங்களுக்குப் போகும்.
பெண்ணுக்கு வெகுதூரக் கடல்.
தூண்டில் கப்பல்களும் அங்கேதான்.

நிவால்டோ சீலோத் தீவுக்காரன்.
கப்பலில் பறவைச் சாவுகளைக் குறிப்பது அவன் வேலை.
இரவில்தான் கயிறு இறக்குவார்கள்,
வண்ண நாடாக்கள் பறந்து பறவைகளை விரட்டும்.
அன்று நாடா அறுந்தது, விடிந்தும்விட்டது.
கணவாய்த் துண்டின் வாசனையை
எத்தனை மைலுக்கு அப்பால் பிடித்தாளோ.
கயிறு ஏறி வந்தபோது
நனைந்த தாளில் பென்சிலால்
கால் வளையத்தின் எண்ணை எழுதினான்.
ஏழா ஒன்றா என்று
கட்டைவிரலால் துடைத்துப் பார்த்து.

எண் ஐல்சாவுக்கு வியாழக்கிழமை வந்தது.
அவளுக்கு முன்பே தெரியும்.
பதினேழாம் கூட்டில் ஆண் எழுந்திருக்கவே இல்லை,
இருபத்துமூன்று நாளாக.

என் மொழியில்
நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணமும்தான்.
பூவுக்கும் அதே சொல்.
எப்போது திரிந்தது, தெரியவில்லை.
அவளுக்குத் திரியவே இல்லை,
பசி, பாதை, கரை எல்லாம்
அந்தக் குழாய் வழியே வந்தவை.
கடைசியாக வந்ததும்.

இருபத்தாறாம் நாள் அவன் எழுந்தான்.
முட்டையை அலகால் ஒருமுறை புரட்டிவிட்டு
கல் தடுக்கி, நிமிர்ந்து,
கடற்கரைக்கு நடந்தே போனான்.
ஸ்கூவா உடனே வரவில்லை. கொஞ்சம் யோசித்தது.

மறுநாள் நல்ல குளிர்.
கதவுக்கு வெளியே தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டு
ஐல்சா வேலிக்குப் போனாள்.
பதினெட்டில் பெண் அமர்ந்திருக்கிறது.
பத்தொன்பதில் யார் என்று தெரியவில்லை,
புல் மறைக்கிறது.