ஏழாம் தொட்டி

கிராஞ்சி மதகருகே இரவு இரண்டு மணி.
கடல் ஏறிக்கொண்டிருக்கிறது.
அணையின் விலாவில் நாங்கள் வைத்த மீன்படி:
பதின்மூன்று தொட்டிகள்,
ஒன்றுக்கொன்று அரைச்சாண் உயரம்,
நடுவே ஒரு கை நுழையும் பிளவு.
அதன் வழியே நீர்த்தேக்கம்
குழாய் உடைந்ததுபோல் இறங்குகிறது.

சோதனை மீன் நானூற்றுப் பதினேழு. கொடுவா.
முழ நீளம்கூட இல்லை. வயிற்றுக்குள்
அரிசியளவு ஒரு சில்லு.
பிளவைத் தாண்டும்போதெல்லாம்
என் திரையில் பச்சைப் புள்ளி.

பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு
'எதிர்நீச்சல்' எழுதிக் கொடுத்தவர்கள்
மீனைக் கேட்டு எழுதவில்லை.

மீன் எதிர்ப்பதில்லை. கணக்குப் பார்க்கிறது.
தோலுக்கு அடியில், பக்கக் கோட்டை ஒட்டி,
நாடா போல் மெல்லிய செந்தசை.
மூச்சு வாங்கி வாங்கி
நாள் முழுக்க உழைப்பது அதுதான்.
மற்றதெல்லாம் வெண்தசை,
இஞ்சி போட்டு ஆவியில் அவித்து
அங்காடிக் கடையில் நாம் பிட்டுத் தின்னும் அதே வெள்ளை.
அது மூச்சுக்குக் காத்திருக்காது.
இருபது நொடி வெடிக்கும்.
பிறகு கடன்.

ஒன்று. இரண்டு. மூன்றாம் தொட்டியில்
வாலடியை எண்ண முடியவில்லை.
நான்காம் பிளவில் இருமுறை தோற்று
மல்லாந்து உருண்டு மறுபடி நுழைந்தது.
ஐந்து, ஆறு.
ஏழில் நின்றுவிட்டது.

தடுப்புச் சுவருக்குப் பின்னே
நீர் தன்னையே சுற்றிக்கொள்ளும் மூலையில்
வாய் திறந்து, செவுள் விரித்து,
சும்மா.
சும்மா என்றால் சும்மா இல்லை.
முப்பது பாகை நீர். வெதுவெதுப்பில் காற்று குறைவு.
இருக்கிற கொஞ்சத்தையும் அரித்து எடுத்து
தசையில் ஊறிய அமிலத்தைக்
கழுவிக்கொண்டிருக்கிறது.
போதாததற்கு, இத்தனை நாள்
உப்பை வெளியே தள்ளிய செவுள்
இனி உப்பைப் பிடித்துவைக்கப் பழக வேண்டும்.
அதுவும் இந்த இரவிலேயே தொடங்கிவிட்டது.

சல்லடையில் சிக்கிய பாசியை வாரிய ரஃபிகுல்
எட்டிப் பார்த்தார்.
"மீன் தூக்கமா, ஆபா?"
இல்லை என்றேன்.
அவர் காலையிலிருந்தே வேலையில் இருக்கிறார்.
காற்று வராத தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

போன மாதம் எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது.
பத்துக் கிலோ அரிசியோடு பதினோராம் மாடிக்கு ஏறினேன்.
எட்டாவதில், யாரோ ஒருவரின் செருப்பு அலமாரியருகே
தொடை எரிய உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் கைக்கடிகாரம் பார்க்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
கடந்தது, கடக்கவில்லை.
ஓய்வுக்கு வரம்பு நாற்பது நிமிடம். சியூ யென் வகுத்தது.
அவள்மேல் குறையில்லை,
எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும்.

நாற்பத்தொன்றில் பேனாவை எடுத்தேன்.
நாற்பத்து நான்கில் மூடி போட்டேன்.
ஐம்பத்திரண்டாம் நிமிடம்
எட்டு, ஒன்பது, பத்து,
நடுவில் மூச்சு விட்டதா தெரியாது,
பதினொன்று. பன்னிரண்டில் ஒரு நீண்ட நேரம்.
நாலு பத்துக்குப் பதின்மூன்று.

மேலே வந்ததும் வலையில் எடுத்து
வாலடியில் ஊசி குத்தி
ஒரு சொட்டு இரத்தம் பார்க்க வேண்டும்,
விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பதுபோல.
எவ்வளவு கடன் என்று
எண் சொல்லும்.

வலையை நீரில் இறக்கினேன்.
இனி எதுவும் மிச்சமில்லை என்று
நான் நினைத்த உடம்பு
ஒரே வெட்டாக வெட்டி
வலையின் விளிம்பைத் தாண்டி
நீர்த்தேக்கத்தின் இருட்டுக்குள் போனது.
அந்த இருபது நொடியை
எங்கே ஒளித்து வைத்திருந்தது?

இரத்த மாதிரி: இல்லை.
நேரம்: வரம்பு மீறியது.
கட்டம் இன்னும் காலி.
ரஃபிகுலின் கைப்பேசி அலாரம் அடிக்கிறது, அவர் எழவில்லை.
திரையில், முதல் தொட்டியில்,
நானூற்றுப் பதினெட்டு.