பதினோரு நிமிடம்

ஆறாவது மாடி. மின்தூக்கி ஓடாது என்று
போன குளிர்காலத்தில் எழுதித் தொங்கவிட்ட அட்டை
இன்னும் தொங்குகிறது.
ஒரு பை, பன்னிரண்டு குறுந்தகடு, மூச்சிரைப்பு:
ரூசே நகரில் என் கடை இவ்வளவுதான்.

ஸ்வெதோமிரா கதவைத் திறந்து
'செத்துவிட்டது போலிருக்கிறது' என்றாள்.
சாகவில்லை. பொத்தானை அழுத்தினால்
பதினோரு நிமிடம் கழித்துக் கண் விழிக்கிறது.
அதற்குள் அவள் காபி போட்டு, நான் குடித்து,
கீழே டான்யூபில் ஒரு மணல்படகு
பாலத்தைக் கடந்தே போய்விட்டது.

உலாவி திறந்தது. அதன் நெற்றியில்
பட்டைக்கு மேல் பட்டையாக ஐந்து.
ஒன்று வானிலை சொல்கிறது, ஒன்று ராசிபலன்.
ஒரு மஞ்சள் வாத்து சிறகடித்து வந்து
'உங்கள் கணினி மெதுவாக ஓடுகிறதா?' என்று
என்னிடமே கேட்கிறது, வெட்கமில்லாமல்.
அவள் படிக்க வந்த பக்கத்துக்கு
இரண்டு விரல் அகலம் மிச்சம்.
ஒண்ட வந்த பிடாரிகள்.

முதல் வேலையாக இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
களவு போகும் வீட்டில்
விளக்கேற்றும் முன் கதவைச் சாத்த வேண்டும்.
பிறகு சேஃப் மோடு. பிறகு துழாவல்.
எண் ஏறியது. நாற்பது. நூற்றுப் பத்து.
முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

'முந்நூறு பேரா என்னைப் பார்க்கிறார்கள்?'
கம்பளிச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.
'ஆளே இல்லை' என்றேன்.
'அடுப்பு விலை தேடினால் அடுப்பு விளம்பரம் வரும்.
கடைக்காரன் கண், அவ்வளவுதான்.'
'என் அப்பாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.
ஆளே இல்லை, வெறும் கோப்பு.'
என்னிடம் பதில் இல்லை.
வாத்தை அழித்தேன்.

தானாகத் தொடங்குபவற்றின் பட்டியலில்
அடையாளம் தெரியாத பெயர்களின் வாலை வெட்டினேன்.
மறுபடி தொடக்கம். மறுபடி துழாவல்.
ஒருமுறை பெருக்கிய வீட்டை நம்பக் கூடாது.
அப்போதுதான் அது தென்பட்டது.
பெயரில்லாத ஒரு மூலையில்,
வாத்தும் இல்லை, விளம்பரமும் இல்லை,
விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு எழுத்தையும்
சேர்த்து வைத்து இரவு பன்னிரண்டுக்கு
ஒரே ஒரு முகவரிக்கு அஞ்சலிடும் நிரல்.
இது இணையத்திலிருந்து வழுக்கி வந்ததல்ல.
யாரோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து,
குறுந்தகடு போட்டு, 'சரி' 'சரி' என்று அழுத்தியிருக்கிறார்கள்.
தேதி: மார்ச் ஒன்பது.

சொல்லலாமா? நான் வாங்குவது இருபது லெவா.
இந்தச் சேதிக்கு அதில் கூலி இல்லை.
சொன்னேன்.

'மார்ச் ஒன்பது' என்றாள். 'திம்ச்சோ
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது பத்தாம் தேதி.'
சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
உண்ட வீட்டில் கண்ணி வைத்துவிட்டுப் போனவனின்
பனிச்சறுக்குப் பலகைகள்
இன்னும் அலமாரிக்குப் பின்னால் நின்றன.

'அழித்துவிடவா?'
எங்கள் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆம்,
மேலும் கீழும் என்றால் இல்லை.
மேலும் கீழும் ஆட்டினாள்.
'கம்பியைத் திரும்பச் செருகு.'

மணி பதினொன்றே முக்கால்.
வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து,
இரண்டே விரலால், எழுத்தெழுத்தாக:

திம்ச்சோ, வணக்கம்.
எட்டு மாதமாக நான் தேடியது பல் வைத்தியரை,
பழைய அடுப்புக்கு உதிரிபாகத்தை,
தனியாக இருப்பவள் மீன் சூப்பில்
எவ்வளவு உப்புப் போடவேண்டும் என்பதை.
இதற்கா தினமும் கண் விழித்தாய்?
பலகைகளை வாசலில் வைக்கிறேன்.
சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்.

மோடத்தின் பச்சை விளக்கு
பன்னிரண்டுக்குப் படபடவென்று துடித்தது, அடங்கியது.
'இப்போது' என்றாள்.

அழித்தேன். மூன்று முறை துழாவினேன்.
கடவுச்சொற்களை என் மடிக்கணினியிலிருந்து
அவளே மாற்றினாள்; நான் ஜன்னல் பக்கம்
திரும்பி நின்றுகொண்டேன்.
கடைசியாக ஒருமுறை அணைத்துப் போட்டோம்.

ஐம்பது விநாடி.
காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கப் போனவள்
பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.