இரண்டு நொடி

சிறுசேரியில் மழை பெய்தால்
உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியாது.
கூரை முழுக்க வடிகட்டி, அதற்கு மேல் விசிறி,
அதற்கும் மேலேதான் வானம்.
இடைவேளையில் போனைத் திறந்தால்
வேன் ஓட்டும் தேவசித்தம் படம் அனுப்பியிருந்தார்:
நாவலூர், முழங்கால் அளவு.

கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பில்
மெருகேற்றும் இயந்திரத்தின் முன் நிற்கிறேன்.
மற்றவர்களுக்கு நான் யாரென்று
நெஞ்சில் ஒட்டிய பெயர்தான் சொல்லும்: சுகிர்தா.

வேஃபர்.
அகலம் ஒரு சாதாரண தோசை.
கனம், கல்யாணப் பத்திரிகை அட்டை
இரண்டை ஒட்டினாற்போல.
விலை கேட்காதீர்கள்.

கவிழ்த்துப் போட்டுத்தான் தேய்ப்போம்.
முகம் கீழே, மோர் நிற ஸ்லரியில்.
முதுகை ஒரு ரப்பர் சவ்வு உறிஞ்சிப் பிடித்திருக்கும்.
வழுக்கி ஓடாமல் சுற்றிலும் ஒரு வளையம்.
பிடிப்பதில் சிக்கலே இல்லை.

விடுவதில்தான்.

உறிஞ்சலை நிறுத்திய பிறகும்
நடுவில் இருக்கிற நீர் விடாது.
ஈர டம்ளரைத் தூக்கினால்
கூடவே எழும் சாசரைப் பார்த்திருப்பீர்கள்,
பாதி வழியில் விழுமே, அது.
அதனால் சவ்வை ஊதுவோம்,
ஓரத்தில் நீரைப் பீய்ச்சுவோம்,
பிறகு இரண்டு நொடி சும்மா இருப்போம்.
கிண்ணத்தில் இறங்கிவிட்டது என்று
மூன்று சென்சாரும் தனித்தனியே சொன்னால்தான்
ரோபோவின் கை உள்ளே வரலாம்.

நிரல் எழுதும் எபனேசருக்கு
அந்த இரண்டு நொடி ஆகாது.
"மணிக்கு முப்பது வேஃபர், ஒரு நிமிஷம்.
நாளுக்கு இருபத்துநாலு நிமிஷம் சும்மா நிக்குது.
வியாழக்கிழமை கஸ்டமர் வர்றாங்க.
ஒரு சென்சார் சொன்னா போதாதா?"

கணக்கு சரிதான். நான் மறுக்கவில்லை.
மார்ச் மாதம் சில்லு பொறுக்கியவள் நான்.
வளையத்தின் இடுக்கில், வடிகால் வலையில்,
திண்டின் ஒவ்வொரு துளையிலும்,
பதினொரு மணி நேரம்.
கையுறையைக் கிழித்த ஒன்று
கட்டைவிரலில் இன்னும் கோடாக இருக்கிறது.
ரோபோவுக்குக் கண் இல்லை என்பார்கள்.
இருந்தால் மட்டும் என்ன?
சொன்னதை நம்பும் அது. அதுதான் பயம்.

மூன்று பன்னிரண்டு.
முதல் சென்சார் ஆம் என்றது.
இரண்டாவதும் ஆம்.
மூன்றாவது பேசவில்லை.
வாசலிலேயே நின்றுவிட்டது கை.
மஞ்சள் விளக்கு.

கண்ணாடி வழியே பார்த்தேன்:
ஒரு ஓரம் கிண்ணத்தில், ஒரு ஓரம் சவ்வில்,
சாய்ந்து தொங்கியது,
விளக்கின் நிறங்கள் எல்லாம் அதில் வழிய.
அழகாகத்தான் இருந்தது.
அதை எழுத அறிக்கையில் இடமில்லை.

கதவைத் திறக்கவில்லை. முதலில் நீர்.
காயவே விடக்கூடாது;
காய்ந்த ஸ்லரி பங்காளிப் பகை,
எந்தக் கழுவலுக்கும் போகாது.
மறுபடி ஊதினேன். மறுபடி பீய்ச்சினேன்.
சவ்வு ஒருமுறை உப்பி அடங்கியது.
சத்தமே இல்லாமல்
உட்கார்ந்தது வேஃபர்.
மூன்றாவதும் ஆம் என்றது.

சேதம்: இல்லை.
நின்ற நேரம்: நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
நீர் என்று எழுதி, அடித்து,
மறுபடி நீர் என்றே எழுதினேன்.

ஆறு மணிக்கு எபனேசர் படித்தார்.
"நாலு நிமிஷமா?" என்றார்.
உடையாத ஒன்றை
எப்படிக் காட்டுவது ஒருவருக்கு?
மார்ச் மாதச் சில்லுகள் இருந்த டப்பாவை
மேசையில் வைத்தேன்.
திறக்காமல் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார்.
"சரி, இருக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும்."

வேன் நாவலூரைத் தாண்ட முக்கால் மணி.
ஜன்னல் ஒழுகி சீட்டெல்லாம் ஈரம்.
துரைப்பாக்கத்தில் எழுந்தபோது
துப்பட்டாவை விடவில்லை ரெக்சின்.
இழுக்கவில்லை.
ஒரு ஓரமாகத் தூக்கினேன்,
கொஞ்சம் காற்று போகட்டும் என்று.